மூடாத உச்சி

கடைசித் தரிப்பில் எனக்குப் பதினொரு நிமிடம்.
வினிபெக்கின் வடமேற்கு ஓரம். மைனஸ் இருபத்தெட்டு.
பஸ்ஸை அணைக்க முடியாது,
அணைத்தால் விடியும்வரை உயிர் வராது.
ஆளில்லாத நாற்பது இருக்கைகள்
முதுகுக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டிருக்க
சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து எடுக்கிறேன்
மஞ்சள் நூற்பந்தை,
வளைந்த வட்ட ஊசியை.

பதினொரு நிமிடத்துக்கு மூன்று சுற்று.
பனி கொட்டிப் பிந்தி வந்தால்
அரைச் சுற்றும் இல்லை.

எழுபத்திரண்டு கண்ணி.
இரண்டு நேர், இரண்டு புறம்.
காணொளி பார்த்துப் பழகியது.
அதில் பின்னுகிறவருக்கு முகம் கிடையாது, கைகள் மட்டும்.
பெருவிரலில் ஒரு பிளாஸ்டர்.
அந்தப் பிளாஸ்டர்தான் எனக்குத் தைரியம்.

தலை என்ன அளவு இருக்கும்?
நிரோஜாவைக் கேட்டேன்.
"எனக்கென்ன தெரியும், நானும் இன்னும் பார்க்கேல்லை"
என்றாள், விலாவில் உதை வாங்கிக்கொண்டே.
கடையில் தோடம்பழங்களைத் தூக்கித் தூக்கி வைத்தேன்.
சின்னது.
பூசணி பெரியது.
இப்போது என் முழங்காலில் மாட்டி அளக்கிறேன்.
முன்கதவால் ஏறிய பள்ளிக்கூடப் பையன்
பார்த்துவிட்டுக் கேட்டான்:
முழங்காலுக்குக் குளிருதா?
ஓம் என்றேன்.

பிறம்டனிலிருந்து மச்சாள்:
"பிறக்க முன்னம் ஒண்டும் வாங்காதேங்கோ.
தொட்டில் வேண்டாம், சட்டை வேண்டாம்,
பேரும் யோசிக்க வேண்டாம்."
வாங்கேல்லை மச்சாள், பின்னுறன்.
"அதுவும் கூடாது."
ஏன் என்று அவ சொல்லவில்லை.
நாங்களும் கேட்கவில்லை.

போன வருடம் மார்ச்சில்
பெட்டி பிரிக்காத தொட்டில் ஒன்றைக்
கடையில் திருப்பிக் கொடுத்தேன்.
ரசீது கேட்டார்கள், இருந்தது.
காரணம் கேட்டது திரை.
நிறம் பிடிக்கவில்லை.
அளவு சரியில்லை.
பாகம் உடைந்திருந்தது.
வேறு.
விரலால் 'வேறு' என்பதைத் தொட்டேன்.
நன்றி என்றது.

ஆகவே ஓர் ஒப்பந்தம், யாரோடு என்று தெரியாது:
உச்சியை மூடமாட்டேன்.
மூடாதவரை இது தொப்பி இல்லை, வெறும் நூல்.
நுனியைப் பிடித்து இழுத்தால்
ஒரு சிவப்பு விளக்கு பச்சையாகுமுன் பந்தாகிவிடும்.
சாட்சி இருக்காது.
திருப்பிக் கொடுக்கவும் ஒன்றும் இருக்காது.

ஆனால் மூடாத தொப்பி வளரும்.
நவம்பரில் ஒரு சாண்.
நத்தாருக்கு என் முழங்கை தாண்டியது.
நிரோஜா அதைக் கழுத்தில் போட்டுப் பார்த்தாள்,
பிறகு தன் கைக்குள் நுழைத்துத் துதிக்கைபோல் ஆட்டினாள்.
"ஆனைக்குட்டியே பெறப்போறன்?"
அவள் சிரித்தபோது வயிறு முழுவதும் சிரித்தது.
நான் இன்னும் இரண்டு சுற்றுப் பின்னினேன்.

பதினெட்டு நாள் முந்தி, ஒரு செவ்வாய்க்கிழமை,
வண்டியின் வானொலியில் டெனிஸின் குரல்:
அடுத்த தரிப்பில் இறங்கு,
மாற்று ஓட்டுநர் அங்கே நிற்கிறான்.
பயணிகள் ஆறு பேர்.
ஏன் இறங்குகிறேன் என்று நான் சொல்லவில்லை,
என் முகம் சொல்லியிருக்க வேண்டும்.
ஒருவர் தன் கையுறைகளை என் கையில் திணித்தார்.

மகள்.
இரண்டு கிலோ அறுநூறு.
தோடம்பழத்துக்கும் பூசணிக்கும் இடையில்
எந்தக் கடையிலும் இல்லாத பருமன்.
தாதி என் விரலைப் பிடித்து
அவள் தலையின் நடுவில் வைத்தாள்:
இந்த இடத்தில் மெதுவாக,
எலும்பு இன்னும் சேரவில்லை.
ஒன்றரை வருடம் எடுக்கும், பயப்படாதே.

தோலுக்குக் கீழே
ஒரு துடிப்பு, பிறகு ஒரு துடிப்பு.
இவளும் மூடாமல்தான் வந்திருக்கிறாள்.

ஜாக்கெட் பைக்குள்ளிருந்து இழுத்தேன்,
வந்துகொண்டே இருந்தது மஞ்சள்.
"சிரிக்கப் பண்ணாதை" என்றாள் நிரோஜா,
"தையல் இழுக்குது."

ஜன்னல் கண்ணாடியின் உட்புறமும் உறைந்திருந்தது.
கட்டிலருகே உட்கார்ந்து
ஒரு சாண் மிஞ்சும்வரை பிரித்தேன்.
முழங்காலில் மாட்டி,
எழுபத்திரண்டு கண்ணிகளுக்குள்ளும்
நுனியைக் கோத்துச்
சுருக்குகிறேன், மெல்ல,
முழுக்க இறுக்காமல்.